பூர்வீகம் எதுங்க?

"ஆங், அப்படியே வாயை நல்லாத் திறந்து வைங்கம்மா, மூடிறாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் சேகரன் ரஞ்சிதத்தின் கீழ்த்தாடைக்குள் ஊசியை இறக்கினார். இறக்கிக்கொண்டே, அவள் கவனத்தை வலியிலிருந்து திருப்பத்தான் போலிருக்கிறது, "சேலத்துல ரொம்ப வருஷமா இருக்கீங்களா? பூர்வீகமே சேலந்தானா?" என்று கேட்டார். ஊசி எப்போது உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று ரஞ்சிதத்துக்குத் தெரியாது. அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். இவருமா. விடிந்ததும் விடியாததுமாக அதை ஒரு தடவை கேட்டாயிற்று, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பல்வலியைச் சாக்கு வைத்து இங்கே வந்து படுத்தால், இங்கேயும் ஒரு மனிதர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் இரண்டு விரலை விட்டுக்கொண்டு அதையே கேட்கிறார். வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது? "ங்ஆ" என்றாள். அவர் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டார். "எங்களுக்கு ஆத்தூர்ப் பக்கம்மா. கொள்ளுத்தாத்தா கட்டின வீடு இன்னும் இருக்கு, தேக்குத் தூணு, ஒரு ஆளு கட்டிப்புடிக்க முடியாது. வருஷத்துக்கு ஒருக்கா பங்காளிங்க எல்லாரும் அங்க கூடிருவோம்." அவர் குரலில் ஒரு தடை இல்லை, ஒரு யோசனை இல்லை. தண்ணீர் குடிப்பது மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் ரஞ்சிதத்துக்கு வயிறு எரிந்தது. பல் வேரோடு சீழ் பிடித்திருக்கிறதாம், எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் ஒரு நிழல் தெரிந்ததாம். தெரியட்டும். "அஞ்சு நிமிஷத்துல மரத்துரும், அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். உதட்டின் இடது பாதி அதற்குள் யாருடையதோ மாதிரி கனக்க ஆரம்பித்துவிட்டது.

காலையில் கேட்டவள் துளசிமணி. கோபிக்காரி, நிரஞ்சனின் அம்மா. நிரஞ்சனும் ரஞ்சிதத்தின் மகள் இளமதியும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்கிற கம்பெனி, அவன் ஒரு பிரிவு, இவள் ஒரு பிரிவு. கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பார்க்க வருவதாக ஏற்பாடு. துளசிமணி நல்ல பொம்பளைதான், அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை, போன மாதம் முதல்முதலாகப் பேசியபோதே 'சம்பந்தி' என்று கூப்பிட்டு உரிமை எடுத்துக்கொண்டவள். இன்றைக்கும் அந்தச் சிரிப்போடுதான் ஆரம்பித்தாள். "ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க, நாங்க ஒண்ணும் அதெல்லாம் பாக்கறவங்க இல்லீங்க. ஆனா பங்காளிக நாலு பேரு கேப்பாங்கல்லங்க, பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குப் பூர்வீகம் எதுன்னு. கேட்டா வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லோணுமுல்லங்க." அதெல்லாம் என்றால் எதெல்லாம்? பார்க்காதவர்கள் ஏன் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு கேட்க வேண்டும்? பங்காளிகள் கேட்பார்களாம். எப்போதுமே இன்னொருத்தர்தான் கேட்பார். கேட்கிறவர்கள் யாரும் தனக்காகக் கேட்டதாக ரஞ்சிதம் இத்தனை வயதில் பார்த்ததில்லை. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் கேட்க மாட்டார், அவருடைய அம்மா கேட்கச் சொன்னார்களாம், வயசானவங்க பாருங்க, அவங்களுக்குத் தெரியணும். புதிதாகப் பழகின தோழி கேட்க மாட்டாள், அவள் வீட்டுக்காரர் சும்மா கேட்டாராம். ஊர் ஊராக, வீடு வீடாக, கதவுக்குப் பின்னால் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார், வாசலில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு அவருக்காக வந்து விசாரிக்கிறார்கள். "பல் டாக்டர்கிட்ட கிளம்பிட்டிருக்கேங்க, போயிட்டு வந்து கூப்பிடறேன்" என்று ரஞ்சிதம் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினால் தயாளன், அவள் புருஷன், பேப்பரை மடிக்காமலே சொல்கிறார்: "தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்லிட்டுப் போயேன் ரஞ்சி. அது என்ன பொய்யா? உங்கப்பா ஆயுசு பூரா அதைத்தானே சொன்னாரு." பொய்யில்லை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

"மரத்துருச்சாம்மா?" டாக்டர் ஒரு கம்பியால் ஈறைத் தட்டினார். தட்டுகிறார் என்று தெரிந்தது, வலிக்கவில்லை. உதவிக்கு இருந்த பெண் உறிஞ்சுகுழாயைக் கொக்கி மாதிரி வாயோரத்தில் மாட்டிவிட்டாள். அது கொடகொடவென்று எச்சிலை இழுக்க ஆரம்பித்தது. "சுகர் இருக்குன்னு சொன்னீங்கல்ல, பரம்பரையா?" என்று அவர் அடுத்ததைக் கேட்டார். அவள் தலையை அசைத்தாள். ஆமாம், பரம்பரைதான். அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது. பரம்பரை என்று யாராவது எங்களை மரியாதையாக ஒரு சொல் சொன்னார்கள் என்றால் அது இந்தச் சர்க்கரைக்குத்தான், என்று நினைத்தபோது அவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது, எச்சில் புரையேறி இருமல் வந்தது, டாக்டர் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்களுக்கு அந்தச் சொல்லோடு வைத்தியம் வரும், சங்கீதம் வரும், பரம்பரை அறங்காவலர் வரும். எங்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை. பூர்வீகம் என்ற சொல்லையும் அவள் அப்படித்தான் எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்திருக்கிறாள். பூர்வம் என்றால் முன்னால். எவ்வளவு முன்னால்? பின்னாலே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எல்லாரும் ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு ஆற்றங்கரையில், கையில் ஒன்றுமில்லாமல்தானே நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. தூண் வைத்த வீடு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். நிலம் பேருக்கு வந்த வருஷத்தில் அவர்கள் பூர்வம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் அந்த நிலத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. பூர்வீகச் சொத்து, பூர்வீக வீடு, பூர்வீகக் கோயில். அந்தச் சொல் தனியாக எங்கேயும் நின்று அவள் பார்த்ததில்லை, எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாதவர்களிடம் வந்தால் மட்டும் அது கேள்வியாக ஆகிவிடுகிறது. எந்த ஊர் என்று கேட்டால் அது மேலோடு போய்விடும், சேலம் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொந்த ஊர் என்று கேட்டால் கொஞ்சம் உள்ளே வருகிறார்கள். பூர்வீகம் என்று கேட்டால் எலும்பு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அதற்கும் மசியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, உங்க குலதெய்வம் எது.

டிரில் சத்தம் தலைக்குள் கேட்டது, காதில் கேட்கிற மாதிரி இல்லை, மண்டை ஓடே சத்தம் போடுகிற மாதிரி. எரிந்த எலும்பின் வாசனை வந்தது. ரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுகிற வேலை பார்த்தவர். அய்யாக்கண்ணு என்று பேர். சின்னச் சின்ன ஸ்டேஷன்களாக அவரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பின்னாலேயே குடும்பமும் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் போய் இறங்கி, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும், அப்பாவும் தயாராக வைத்திருப்பார்: "தஞ்சாவூர்ப் பக்கம்ங்க." அந்தப் பக்கம் என்ற சொல்லை அப்பா கொஞ்சம் இழுத்து, கையை அகலமாக வீசி, எல்லாத் திசையையும் சேர்த்துக் காட்டுகிற மாதிரி சொல்வார். முக்கால்வாசிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் விடவில்லை. அது விழுப்புரத்துக்குத் தெற்கே ஒரு ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் ஒரு வாதாமரம் இருந்தது, ரஞ்சிதம் அதன் அடியில் உட்கார்ந்து வாதாங்கொட்டையைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். "தஞ்சாவூர்ப் பக்கம்னா எது?" "மன்னார்குடிப் பக்கம்ங்க சார்." "மன்னார்குடியில எங்க?" "அதுக்குக் கிழக்கே போவணும்ங்க." "கிழக்கேன்னா, ஊர்ப் பேரு இருக்குமில்லப்பா?" "சித்தமங்கலம்ங்க." "சித்தமங்கலமா! நமக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்களே. எந்தத் தெரு?" அவர் மிரட்டவில்லை, அதட்டவில்லை. சொந்தக்காரனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடுதான் கேட்டார். அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி எதுவும் வரவில்லை. வராத வண்டிக்கு அப்பா பச்சைக்கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஆபீஸ் அறைப் பானையில் அப்பா தண்ணீர் மொண்டு குடிப்பதில்லை, வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போனார். யாரும் குடிக்காதே என்று சொன்னார்களா, அப்பாவே நிறுத்திக்கொண்டாரா என்று ரஞ்சிதத்துக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அப்பா சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை.

"வலிச்சாக் கையைத் தூக்குங்க" என்றார் டாக்டர். எதை வலி என்று சொல்கிறார்? மெல்லிய ஊசி மாதிரி ஒன்றைப் பல்லின் குழிக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார், உள்ளே இருப்பதைச் சுரண்டி வெளியே எடுக்கிறாராம். சித்தமங்கலத்துக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். அப்பாவின் அப்பா செத்ததற்கு. மழைக்காலம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஊர் வந்தது, கோயில் வந்தது, குளம் வந்தது, ஓட்டு வீடுகள் வந்தன, இதுதான் ஊர் என்று ரஞ்சிதம் நினைத்தாள், அப்பா நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். ஊர் முடிந்தது. தார் ரோடு முடிந்தது. வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி, வரப்பில் ஒற்றையடியாகப் போன பிறகு ஒரு மேட்டில் கூரைகள் தெரிந்தன. அதுதான். தாத்தாவை எடுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சுடுகாட்டுக்கு ஊர் வழியாகப் போகிற ரோடு இருந்தது, அது இவர்களுக்கு இல்லை. நடவு முடிந்த வயலில் இறங்கித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் அளவு சேறு. ரயில்வே சட்டையோடு வந்திருந்த அப்பா பாடையின் முன்பக்கத்தில் தோள் கொடுத்திருந்தார், கால் புதைந்து புதைந்து எடுக்கும்போதெல்லாம் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தாத்தாவின் தலை ஆடியது. கரையில் குடையோடு ஒருத்தர் நின்றுகொண்டு, "பயிரை மிதிக்காமப் போங்கடா" என்று கத்தினார். அந்தப் பயிரை நட்டவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தாத்தாவே அந்த வயலில் எத்தனை போகம் ஏர் ஓட்டியிருப்பார். காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் முன்னாலேயே பண்ணையிலிருந்து ஆள் வந்தது, கிழவன் போயிட்டான், மனையை எப்போ காலி பண்றீங்க என்று. தாத்தா குடியிருந்த மனை பண்ணைக்குச் சொந்தம். தாத்தாவின் அப்பா வேறு ஒரு பண்ணையில் இருந்தாராம், அங்கிருந்து இங்கே கொண்டுவந்து விட்டார்களாம், அவர் பேர் என்ன என்று அப்பாவுக்கே தெரியாது. ஆக, சொல்லு துளசிமணி, இதில் எது எங்கள் பூர்வீகம்? காலி பண்ணச் சொன்ன மனையா? மிதிக்கக் கூடாது என்று சொன்ன பயிரா? எந்த ஊர் எங்களை ஊருக்குள் விடவில்லையோ, அந்த ஊரின் பேரை நாங்கள் ஏன் ஆயுசு பூரா சுமந்துகொண்டு திரிய வேண்டும், அதிலும் பாதியை மறைத்து, பக்கம் பக்கம் என்று சொல்லிக்கொண்டு? முன்னாலிருந்தே அங்கே இருந்தவர்கள் யார்? காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, அந்தச் சேற்றை வயலாக்கினது யார் கை? பூர்வம் பூர்வம் என்கிறீர்களே, எங்களை விடப் பூர்வம் அங்கே யாருக்கு இருக்கிறது?

கை தானாக உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. "வலிக்குதாம்மா?" டாக்டர் டக்கென்று நிறுத்தினார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் கண்கள் முகமூடிக்கு மேலே கரிசனமாகத்தான் இருந்தன. இந்த மனிதர் மேல் எதற்குக் கோபப்படுகிறோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பாவம், பேச்சுக் கொடுத்தார். ஆனால் அந்த ஸ்டேஷன் மாஸ்டரும் பேச்சுத்தானே கொடுத்தார். அப்போது கைப்பைக்குள் போன் உறுமியது. பையை வைத்திருந்த பக்கத்து மேஜையில் எஃகுத் தட்டு அந்த அதிர்வில் கிணுகிணுத்தது. உதவிப் பெண் எட்டிப் பார்த்து, "துளசிமணி அம்மான்னு வருதுங்கக்கா, எடுத்து ஸ்பீக்கர்ல போடட்டுங்களா?" என்றாள். ரஞ்சிதம் தலையை அவ்வளவு வேகமாக ஆட்டினாள், டாக்டர் "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க, உள்ள ஊசி இருக்கு" என்று பதறிவிட்டார். போன் நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. பொறுக்கவில்லை பார், பல்லைக் காட்டிவிட்டு வருகிற வரைக்கும் பொறுக்கவில்லை. பங்காளிகள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் கோபத்துக்கு அடியில் இருந்தது மேலே வந்தது. பயம். நிரஞ்சனுக்கு இரண்டு பெரியப்பா மகன்கள் இருக்கிறார்கள் என்று இளமதி சொல்லியிருந்தாள், அரிசி மில் வைத்திருக்கிறார்கள், அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். உயிரை வைத்திருக்கிறவர்களை நினைத்தால்தான் பயம். இந்தப் பக்கத்தில் தண்டவாளம் என்ற சொல்லைக் கேட்டால் ரஞ்சிதத்துக்கு அப்பா ஞாபகம் வருவதில்லை இப்போதெல்லாம், சாதி மாறிக் காதலித்த பையன்கள் தண்டவாளத்தில் கிடந்ததாகப் பேப்பரில் பார்த்த படங்கள்தான் ஞாபகம் வருகின்றன. இளமதி சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவினாசி ரோட்டில் தனியாக ஸ்கூட்டரில் வருவாள். ஹெல்மெட்டுக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவாள், பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரு சொல்தானே, பக்கம் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அவள் பத்திரமாக வீட்டுக்குப் போவாள் என்றால் சேர்த்தால் என்ன? அப்பா சேர்க்கவில்லையா? நாமெல்லாம் படித்தோம், பத்திரமாகத்தானே வளர்ந்தோம்? தயாளன் சொல்வதிலும் என்ன தப்பு?

வளர்ந்தோம். வளர்ந்து டெலிபோன்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள், ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் பூரா ஊர்ப் பேராகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை. தேவகோட்டை பேசுங்க, பொள்ளாச்சி லைன்ல இருங்க, சங்கரன்கோயில் கிடைச்சாச்சு சார். தமிழ்நாட்டில் அவள் நாக்கில் ஏறாத ஊர் இல்லை. தெளிவாகச் சொல்வாள், ஒரு தடவை சொன்னால் போதும், எதிர்ப்பக்கம் மறுபடி கேட்காது, சூப்பர்வைசரே மற்றவர்களிடம் ரஞ்சிதம் மாதிரி உச்சரியுங்கள் என்பார். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்கள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்க பூர்வீகம் அம்பாசமுத்திரம், எங்களுது நெல்லிக்குப்பம் என்று பேசுவார்கள். முறை தனக்கு வருவதற்கு முன்னால் ரஞ்சிதம் எழுந்து கை கழுவப் போய்விடுவாள். எத்தனை வருஷம். பாதிச் சோற்றில் எழுந்து போனபோது மிச்சம் வைத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் சாப்பாடு எத்தனை நாளைக்கு வரும். நேற்று இளமதி போனில் சொன்னது திடீரென்று அவள் குரலிலேயே கேட்டது. இவர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று தயாளன் முன்கூட்டியே எச்சரித்ததற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள்: "நான் யாருன்னு நிரஞ்சனுக்கு முதல் நாளே சொல்லிட்டேம்மா. அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னா, அந்த வீட்டுக்கு நான் யாரா போறது?" அவள் அழவில்லை, கத்தவில்லை. கணக்குக்கு விடை கேட்கிற மாதிரி கேட்டாள். ரஞ்சிதத்துக்கு அப்போது வாயில் பதில் வரவில்லை. இப்போதும் வாய் திறந்துதான் கிடக்கிறது. அந்த வீட்டில் அவள் சோறு வடிப்பாள், பிள்ளை பெறுவாள், கல்யாணம் காட்சிக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு போவாள், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு அத்தை, ஒரு சித்தி, உங்கம்மா ஊரு எதுன்னு சொன்னே என்று கேட்பாள், இவள் கை கழுவ எழுந்து போவாள். நான் பெற்ற பெண் பாதிச் சோற்றில் எழுந்து போவதா? அதற்கா நான் அவளைப் பெற்றேன்?

"முடிஞ்சுதும்மா. இன்னைக்கு இவ்வளவுதான், மருந்து வெச்சு அடைச்சிருக்கேன், அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர். நாற்காலி நிமிர்ந்தது. "துப்புங்க." துப்ப முடியவில்லை, தண்ணீர் பாதி உதட்டில் வழிந்து கழுத்துக்குப் போனது. "நாக்கும் மரத்திருக்கும், ரெண்டு மணி நேரம் பேச்சுக் குழறும், பயப்படாதீங்க. அதுவரைக்கும் பேசாம இருந்தா நல்லது." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளி அறைக்கு வந்தாள். கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர், குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், காலேஜ் பெண்கள் இரண்டு பேர். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, மரத்த நாக்கைப் பல்லில் தடவிப் பார்த்தாள், வேறு யாருடைய வாயிலோ நாக்கை விட்ட மாதிரி இருந்தது. துண்டு கட்டினவர் உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. டாக்டரின் குரல் கேட்டது: "சேலத்துலதான் ரொம்ப வருஷமா? பூர்வீகமே சேலந்தானா?" எல்லாரையும் கேட்கிற கேள்விதான். துண்டு கட்டினவர் வலியையும் மறந்து உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார், நாமக்கல் என்றார், மலையடிவாரம் என்றார், தாத்தா என்றார், கோயிலில் முதல் மரியாதை என்றார். வாய் வீங்கியிருக்கிற மனுஷன் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறான். ரஞ்சிதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாக்கு திரும்பி வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம். தயாளனை விட்டுச் சொல்லச் சொல்லலாம். அப்பாவுக்கு ஆயுசு பூரா நாக்கு நன்றாகத்தானே இருந்தது, என்ன சொன்னார்? போனை எடுத்து துளசிமணியின் எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க சம்பந்தி, ரெண்டு தடவ கூப்பிட்டனுங்க. பல்லப் புடுங்கியாச்சுங்களா?" என்றாள் துளசிமணி. பின்னால் ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம். "இல்லீங்க. காலையில கேட்டீங்களே, எங்க பூர்வீகம்" என்றாள் ரஞ்சிதம். சொற்கள் கஞ்சி மாதிரி வெளியே வந்தன. "மன்னார்குடிக்குக் கிழக்கே, சித்தமங்கலம்." "என்ன மங்கலமுங்க?" "சித்த... மங்கலம்." "சித்தமங்கலமுங்களா! பேரே மங்களகரமா இருக்குதுங்களே. அங்க தோட்டங்காடு எல்லாம் இன்னும்..." "ஊருக்குள்ள இல்லீங்க. சேரி" என்றாள் ரஞ்சிதம். "சேரிங்க, சேரிங்க" என்று துளசிமணி சந்தோஷமாகச் சொன்னாள். ரஞ்சிதத்துக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கோபிப் பக்கத்தில் சரி என்பதைச் சேரி என்றுதான் சொல்வார்கள். துளசிமணி தன் காதுக்குப் பழகினதைக் கேட்டுக்கொண்டாள், தலையாட்டிவிட்டாள். இப்போது போனை வைத்துவிடலாம். பொய் சொல்லவில்லை, மறைக்கவில்லை, நாளைக்கு யாரும் நீங்கள் சொல்லவே இல்லையே என்று கேட்க முடியாது. மறுமுனையில் துளசிமணி, "அப்பறம் ஞாயித்துக்கெழம பத்து மணிக்கெல்லாம்..." என்று பேச ஆரம்பித்துவிட்டாள். ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். இந்தச் சும்மா இருந்தால் போதும் என்பதுதான் ரஞ்சிதத்தின் தலைக்கு ஏறியது.

"அந்தச் சேரி இல்லீங்க" என்றாள். குழறியது. "என்னங்க? கேக்கலீங்க" என்றாள் துளசிமணி. ரஞ்சிதம் இடது கையால் மரத்த உதட்டைப் பிடித்து ஒழுங்குபடுத்திக்கொண்டு, குரலைக் கூட்டிச் சொன்னாள், கூட்டினதில் அது கத்தலாகவே வந்தது. "நீங்க சொல்ற சேரி இல்லீங்க, சரிங்கிற சேரி இல்லீங்க. ஊருக்கு வெளிய, வயலுக்கு நடுவுல ஒரு மேட்டுல இருக்குமே, அந்தச் சேரி. எங்க தாத்தா அங்க பண்ணையாளு. நிலம் இல்லே, வீடு இல்லே. இதுதான் எங்க பூர்வீகம். கேக்குதுங்களா?" காலேஜ் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மடியில் இருந்த குழந்தையும் அவளையே பார்த்தது. போனில் மோட்டார் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, அதுவும் யாரோ அணைத்து நின்றுபோனது. "கேக்குதுங்க" என்றாள் துளசிமணி, சிரிப்பில்லாத குரலில். கொஞ்சம் கழித்து, "நிரஞ்சனுக்கு இது..." என்றாள். "அவனுக்கு ஆரம்பத்துலேயே தெரியுங்க." "அவன் எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே." "ஏன் சொல்லலைன்னு அவனைக் கேளுங்க. என்னைக் கேக்காதீங்க. பெத்தவங்ககிட்ட அதைச் சொல்ல எதுக்குப் பயந்தான்னு அவனை உக்கார வெச்சுக் கேளுங்க." "ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்து, துளசிமணி அதற்கு மேல் போகவில்லை. ரஞ்சிதம் அவளுக்காக முடித்து வைக்கவில்லை, காத்திருந்தாள். "அவரோட பேசிட்டுச் சொல்றனுங்க" என்று கடைசியில் துளசிமணி சொன்னாள். 'சம்பந்தி' என்ற சொல்லைக் காணவில்லை. "பேசுங்க. நல்லாப் பேசுங்க. பங்காளிகளையும் வெச்சுக்கிட்டே பேசுங்க. என் பொண்ணு தனியா ஸ்கூட்டர்ல போற பிள்ளை, அவமேல ஒரு தூசி விழுந்தா நான் நேரா உங்ககிட்டத்தான் வந்து கேப்பேன், அதையும் சேத்துப் பேசுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சோறாக்கி வெச்சிருப்பேன். உக்காந்து சாப்பிடறதா இருந்தா வாங்க. காப்பி மட்டும் போதும், இன்னைக்கு விரதம்னு சொல்றதா இருந்தா வர வேண்டாம்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கடைவாயிலிருந்து மோவாய் வரைக்கும் எச்சில் வழிந்திருந்தது, அது அவளுக்கு உறைக்கவே இல்லை, விரல் பட்ட பிறகுதான் தெரிந்தது. புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். அறையில் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதமும் அவர்களை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தாள்.